தோட்ட நகரத்தில் உணவுப்பொருள் விற்பனைத் தொழிலைத் தொடங்குவது எப்படி

மலேசியாவில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட் போன்ற நகரத்தில், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் பலர், ஈப்போவிலோ பினாங்கிலோ தொழிற்சாலை வேலை கிடைக்குமா என்று விசாரிக்கப் பேருந்து ஏறுகிறார்கள். அதே காலை நேரத்தில் நம் ஊர் மளிகைக் கடை வாசலில் வந்து நிற்கும் மாவு வேனையும் பிஸ்கட் வேனையும் ஓட்டி வருபவர், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறார். அந்த வேனில் இருக்கும் வேலை நம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இதில் நுழைவது எப்படி, நுழைந்த பின் நிலைப்பது எப்படி என்பதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சரக்குப் பெட்டி கடைக்குள் இறங்கியவுடன் விற்பனை முடிந்துவிட்டது என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாதி வேலைதான். அந்தப் பொருள் கடைத்தட்டிலிருந்து ஒரு குடும்பத்தின் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்து, அதற்குரிய பணம் கடைக்காரரின் கல்லாவிலிருந்து உங்கள் கைக்குத் திரும்பி வந்த பிறகே விற்பனை நிறைவடைகிறது. இந்த வேலையில் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பேசத் தெரியாமல் தோற்றவர்கள் குறைவு. கடைக்காரரின் தலையில் அளவுக்கு மீறிச் சரக்கைக் கட்டிவிட்டுத் தோற்றவர்களே அதிகம்.

என்னென்ன வேலைகள் இருக்கின்றன

உணவுப்பொருள் விற்பனை என்பது ஒரே வேலை அன்று. பேரங்காடிகளில் பண்டிகைக் காலத்தில் மேசை போட்டுத் தேநீரையோ நூடல்ஸையோ சுவைக்கக் கொடுக்கும் புரமோட்டர் வேலை, தட்டுகளில் பொருளை அடுக்கிப் பழைய தேதியை முன்னே கொண்டுவரும் மெர்ச்சண்டைசர் வேலை, கடை கடையாகச் சென்று ஆர்டர் மட்டும் எடுத்துவர மறுநாள் லாரி சரக்கை இறக்கும் முறையில் நடக்கும் விற்பனையாளர் வேலை, சரக்கையும் தானே ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே இறக்கிப் பணமும் வாங்கிவரும் வேன் சேல்ஸ் வேலை ஆகியவை நம் பகுதியில் எளிதாகக் கிடைப்பவை. இவை தவிர, உணவகங்களுக்கும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளுக்கும் அரிசி, எண்ணெய், உறைபொருள் (உறைய வைத்த உணவு) முதலியவற்றை மொத்தமாக விற்கும் பிரிவும் உண்டு. அதற்குச் சமையலறை பற்றிய அறிவு கூடுதலாக வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதங்களை மெர்ச்சண்டைசராகக் கழிப்பதே நல்லது என்பேன். சம்பளம் சற்றுக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் எந்தப் பொருள் எந்தத் தட்டில் நகர்கிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்பதைக் கையாலேயே தொட்டுப் படிக்கும் வாய்ப்பு வேறு எந்த வேலையிலும் கிடைப்பதில்லை.

இந்த வேலைகளை நாளிதழ் விளம்பரத்தில் மட்டும் தேட வேண்டாம். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் என்னும் வேலைவாய்ப்புத் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதைவிடப் பலன் தருவது, ஊரில் இருக்கும் மளிகைக் கடையில் சரக்குப் பெட்டிகளின் மீதும் பில்லின் மீதும் அச்சிடப்பட்டிருக்கும் விநியோகிப்பாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு நேரடியாக அழைப்பது. உற்பத்தி நிறுவனங்கள் பல, சிறுநகரக் கடைகளுக்குத் தாங்களே வருவதில்லை. வட்டார விநியோகிப்பாளர் வழியாகவே விற்கின்றன. ஆகவே உங்களை வேலைக்கு எடுக்கப்போகிறவர் பெரும்பாலும் ஈப்போவின் ஏதோ ஒரு கிடங்கில் அமர்ந்திருக்கும் விநியோகிப்பாளர்தான். நேர்காணலுக்குப் போகும்போது, உங்கள் ஊரில் இருபது கடைகளின் பெயரையும், ஒவ்வொன்றிலும் அவருடைய பொருள் இருக்கிறதா இல்லையா என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு தாள் சான்றிதழ்களைவிட அதிகமாகப் பேசும்.

நம் பிள்ளைகளுக்கு மொழி ஒரு பெரிய பலம். காலையில் சீனக் கடை முதலாளியான தவுக்கேயிடம் மலாயும் கொஞ்சம் கண்டனீசும், நண்பகலில் தமிழ்க் கடையில் தமிழும், மாலையில் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்துக் கடையில் மலாயும் பேசிப் பழகிய பிள்ளைக்கு அது ஒரு திறமை என்றே தோன்றுவதில்லை. அதை விண்ணப்பத்தில் எழுதத் தயங்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் உரிமத்தோடு டி வகைக் கார் உரிமமும் எடுத்துவிடுங்கள். லாரி ஓட்டும் வேலையானால் ஜி.டி.எல். என்னும் சரக்கு வாகன உரிமமும் தேவைப்படும்.

சம்பளம் பேசும்போது

அடிப்படைச் சம்பளம், கமிஷன், பெட்ரோல் படி, தொலைபேசிப் படி எனப் பிரித்துப் பேசப்படும். 2025 ஆகஸ்டு 1 முதல் நாடு முழுவதும் எல்லா முதலாளிகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்று சட்டமாகியிருக்கிறது. கமிஷன் மட்டுமே கொடுத்து வேலை வாங்கினாலும் மாத வருமானம் அந்தத் தொகைக்குக் கீழே போகக்கூடாது. வேலை நேரம் வாரத்திற்கு 45 மணி என்பதே சட்டத்தின் வரம்பு. ஊழியர் சேமநிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடு போகும். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுபவருக்கு முதலாளி 13 விழுக்காடு செலுத்த வேண்டும். இது ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்பதை மூன்று மாதத்திற்கு ஒருமுறை நீங்களே சேமநிதிச் செயலியில் பாருங்கள்.

நான் வேலை தொடங்கிய காலத்தில், ஒரு விநியோகிப்பாளர் வராத கடனை எல்லாம் எங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வயதில் அது நியாயம் என்று நம்பித் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக்கூடாது என்பதை வரையறுத்திருக்கிறது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. ஆகவே, கடை கட்டாத கடனுக்கும் காலாவதியான சரக்குக்கும் யார் பொறுப்பு என்று கையெழுத்திடும் முன் வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதால் வேலை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக வேலை தர மறுப்பவரிடம் சேராமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

ஊரின் நாட்காட்டியைப் படிப்பது

வேலையில் சேர்ந்தவுடன் பொருள்களின் விலைப்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள்; அதைச் செய்யுங்கள். ஆனால் அதற்கு இணையாக, உங்கள் ஊர்ப் பணம் எப்போது வருகிறது, எப்போது வற்றுகிறது என்பதையும் படிக்க வேண்டும். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது வேலைவாய்ப்புச் சட்டத்தின் விதி. செம்பனைத் தோட்டத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் மாத முதல் வாரத்தில் சம்பளம் விழுவதால், லாசா, லிந்தாங், ஜாலோங் பக்கத்துக் கடைகளில் அந்த வாரக் கடைசியில்தான் பெரிய பொட்டலங்கள் நகர்கின்றன. 5 கிலோ அரிசியும் பெரிய மைலோ பாக்கெட்டும் மாதத்தின் முதல் பத்து நாட்களின் பொருள்கள்; மாதக் கடைசியில் அதே குடும்பங்கள் சின்னப் பாக்கெட்டும் சாஷேயும் வாங்குகின்றன. 25ஆம் தேதி போய்ப் பெரிய பொட்டலங்களைக் கடைக்காரரிடம் திணிக்கும் விற்பனையாளர், அவருடைய பணத்தைப் பத்து நாட்கள் தட்டில் முடக்கி வைக்கிறார்.

மழைக்காலமும் கணக்கில் சேரும். தொடர்ந்து காலை மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பால் வெட்டாத நாட்கள் அடுத்த மாதச் சம்பளத்தில் தெரியும். அது உங்கள் ஆர்டர் புத்தகத்திலும் தெரியும்.

பண்டிகைகள் இன்னும் நுட்பமானவை. புரட்டாசி மாதம் பிறந்தால் தமிழ்க் கடைகளில் கோழி முட்டையும் மீன் டின்னும் மெதுவாகி, பருப்பும் சோயாவும் தயிரும் வேகமெடுக்கும்; அதையொட்டியே சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவின் சைவ விரதமும் வருவதால், சைவ உணவுப்பொருள் விற்பவருக்கு அது பொன்னான காலம். தீபாவளிக்கு அரிசி மாவு, உளுத்தம் மாவு, கடலை மாவு, நெய், எண்ணெய் ஆகியவற்றைக் கடைகளில் இறக்கும் வேலையைக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். ஏனெனில் முறுக்குப் பிழிபவர்கள் பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பே மாவு வாங்கி முடித்துவிடுகிறார்கள். பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு கொண்டுபோன மாவு, தீபாவளி கழிந்து கடைக்காரரின் முகத்தில் கோபமாகத் திரும்பி வரும். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழமும் சிரப்பும் தேங்காய்ப்பாலும், பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் என்று ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கு உண்டு. பண்டிகைக் காலங்களில் அரசாங்கம் சில பொருள்களுக்கு உச்ச விலை அறிவிக்கும்; அந்தப் பட்டியலை வாங்கி வேனில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கடைக்காரர் உங்களிடம்தான் முதலில் கேட்பார்.

கடைக்குள் நுழைந்தவுடன்

கல்லாவுக்கு நேராகப் போய் ஆர்டர் கேட்பது பெரிய தவறு. வணக்கம் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் நின்றால் அவர் போகும்வரை ஒதுங்கி நின்று, பிறகு உங்கள் பொருள் இருக்கும் தட்டுக்குப் போங்கள். இருப்பை எண்ணுங்கள். பழைய தேதி உள்ளவற்றை முன்னுக்கும் புதியவற்றைப் பின்னுக்கும் நகர்த்துங்கள். ஒரு துணியால் தூசி துடையுங்கள். இதை நீங்கள் செய்வதைக் கடைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அதன்பிறகு கல்லாவுக்கு வந்து, "அண்ணே, மல்லித்தூள் பன்னிரண்டுதான் இருக்கு, போன தடவை வந்து போனதிலிருந்து இருபது போயிருக்கு" என்று தொடங்கினால், பேச்சு வேண்டுதலாக இல்லாமல் கணக்காக மாறிவிடும்.

எவ்வளவு எழுதுவது என்பதற்கு இத்தொழிலில் ஓர் எளிய வாய்பாடு உண்டு. இரண்டு வருகைகளுக்கு இடையே விற்ற அளவை ஒன்றரையால் பெருக்கி, கையிருப்பைக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன கடையில் 20 விற்றது, ஒன்றரை மடங்கு 30, இருப்பு 12, ஆகவே எழுத வேண்டியது 18. அந்த அரை மடங்கு, எதிர்பாராமல் விற்பனை கூடினால் தட்டு காலியாகாமல் காக்கும். மேலாளர் மாதக் கடைசியில் இலக்கை எட்ட வற்புறுத்தும்போது 18 என்பது 48 ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்போது நீங்கள் எழுதும் எண்தான் அந்தக் கடையில் உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

கடைக்காரரின் இலாபத்தைக் கணக்கிட்டுக் காட்டத் தெரியாதவர் விற்பனையாளர் ஆக முடியாது. 4 ரிங்கிட்டுக்கு வாங்கிய பொட்டலத்தை 5 ரிங்கிட்டுக்கு விற்றால் இலாபம் 1 ரிங்கிட். இதை வாங்கிய விலையில் பார்த்தால் 25 விழுக்காடு. விற்ற விலையில் பார்த்தால் 20 விழுக்காடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசினால், பழம் தின்று கொட்டை போட்ட தவுக்கே ஒரே நொடியில் உங்களைக் கண்டுகொள்வார். இதைவிட முக்கியமானது, பணம் எத்தனை முறை சுற்றுகிறது என்பது. 24 பொட்டலம் கொண்ட ஒரு பெட்டிக்கு அவர் போடும் முதலீடு 96 ரிங்கிட், கிடைக்கும் இலாபம் 24 ரிங்கிட். அந்தப் பெட்டி எட்டு வாரத்தில் விற்றால் எட்டு வாரத்திற்கு 24 ரிங்கிட்தான். இரண்டு வாரத்தில் ஒரு பெட்டி விற்றால் அதே 96 ரிங்கிட் முதலீடு எட்டு வாரத்தில் நான்கு முறை சுற்றி 96 ரிங்கிட் இலாபம் தருகிறது. "அதிக இலாபம்" என்று பேசுவதைவிட "சீக்கிரம் திரும்பும் பணம்" என்று பேசுவது சிறு கடைக்காரருக்கு உடனே விளங்கும். ஏனென்றால் பொட்டல எண்ணெய் போன்ற விலைக் கட்டுப்பாட்டுப் பொருள்களைச் சொற்ப இலாபத்துக்கு விற்று, அதைப் பிற பொருள்களில் ஈடுகட்டித்தான் அவர் கடையை நடத்துகிறார்.

கடன்

தோட்டப்புறக் கடைகளின் மூச்சே கடன்தான். 555 என்று அட்டையில் அச்சிட்ட அந்தச் சின்னக் குறிப்பேட்டில் குடும்பத்தின் பெயர் எழுதி, சம்பள நாளில் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் மறையவில்லை. வாடிக்கையாளர் கடைக்காரருக்குக் கொடுத்த பிறகே கடைக்காரர் உங்களுக்குக் கொடுப்பார். இதைக் குறையாகப் பார்க்காமல், வசூல் நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் விழுந்த வாரக் கடைசியை அடுத்த திங்கள், செவ்வாய்களில் வசூலுக்குப் போனால் கசப்பில்லாமல் பணம் கிடைக்கும். பழைய பில் முழுவதும் தீராமல் புதிய பில் போடாதீர்கள். தீர்க்க முடியாத நெருக்கடி என்றால் பாதியை வாங்கிக்கொண்டு புதிய சரக்கையும் பாதியாகக் குறையுங்கள். வாங்கிய ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் அங்கேயே ரசீது கொடுங்கள். மாமா, சித்தப்பா என்று முறை சொல்லி அழைக்கும் கடையில் இது இன்னும் அவசியம். உறவு கெடாமல் இருப்பதற்கே ரசீது.

பொட்டலச் சிட்டையை (லேபிளை) படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்

1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறை விதிகளும் பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தேதி ஆகியவை அடிப்படை. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி அல்லது அவற்றிலிருந்து பெறப்பட்டவை கலந்திருந்தால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். மதுவைச் சேர்த்திருந்தாலும் அப்படியே. நம் வாடிக்கையாளர்களில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் நிறைய இருப்பதால், ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வி வரும். சிட்டையைப் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள். சிட்டையில் தெளிவில்லை என்றால் நிறுவனத்திடம் கேட்டு மறுவாரம் பதில் கொண்டு வாருங்கள். கடலை, பால், முட்டை, மீன், கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்களையும் இதேபோல் அறிந்துவைத்திருக்க வேண்டும், ஏனெனில் இங்கே தவறான பதில் ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடுவதாகும்.

சிட்டையில் மலாயில் இருக்கும் 'தாரிக் லுப்புட்' என்பது காலாவதித் தேதி. அதைத் தாண்டிய பொருளைத் தட்டில் விட்டு வைக்கக்கூடாது. 'பாயிக் செபெலும்' என்பது அந்தத் தேதி வரை தரம் சிறப்பாக இருக்கும் என்பதைக் குறிக்கிறது. உறைபொருள் விற்பவர்கள் வெப்பமானியை எப்போதும் வைத்திருக்க வேண்டும். உறைபொருளுக்குக் கழித்தல் 18 பாகை செல்சியஸ் தேவை. 5 முதல் 60 பாகை வரை உள்ள இடைவெளியில் கிருமிகள் விரைவாகப் பெருகும். நண்பகலில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் பழக்கம் எவ்வளவு சரக்கைக் கெடுத்திருக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சொந்தப் பொருளோடு இறங்க நினைப்பவர்களுக்கு

இரண்டு மூன்று ஆண்டுகள் கடைகளில் அலைந்த பிறகு, அம்மா அரைக்கும் மசாலாவையோ அத்தை சுடும் அதிரசத்தையோ விற்கலாமே என்ற எண்ணம் வரும். வரட்டும், ஆனால் வரிசை மாறாமல் செய்ய வேண்டும். எஸ்.எஸ்.எம். எனப்படும் கம்பெனிகள் ஆணையத்தில் தொழிலைப் பதிவு செய்வது முதல் படி. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட், தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். உணவைக் கையாளுபவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டு, உணவு கையாளுவோர் பயிற்சியும் பெற வேண்டும். தயாரிக்கும் இடத்தைச் சுகாதார அமைச்சிடம் பதிவு செய்ய வேண்டும். உரிமத்துக்கு நம் பகுதியில் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தை அணுக வேண்டும். முதலீட்டுத் தேவைக்கு, சிறுதொழில் கடன் வழங்கும் தெக்குன் நேசனலின் ஸ்புமி என்னும் இந்தியத் தொழில்முனைவோர் கடன் திட்டத்தை விசாரித்துப் பார்க்கலாம்.

ஹலால் சான்றிதழ் எடுப்பது சட்டக் கட்டாயம் அன்று. ஆனால் சான்றிதழ் இல்லாமல் பொட்டலத்தில் ஹலால் என்று போடுவது குற்றம். சான்றிதழ் இல்லாத பொருளைப் பெரிய அங்காடிகள் தட்டில் ஏற்றத் தயங்கும். பட்டைக்குறியை (பார்கோடு) ஜி.எஸ்.1 மலேசியா வழங்குகிறது, அது 955 என்று தொடங்கும். சங்கிலிக் கடைகளுக்குப் போக இவையெல்லாம் தேவைப்படும். அங்கே பட்டியலில் ஏறுவதற்கும் தட்டு இடத்துக்கும் தனியே பணம் கேட்கப்படலாம், பில் பணமும் இரண்டு மாதம் கழித்து வரலாம். கையில் நான்கு மாதத்துக்கான முதலீடு இல்லாதவர்கள் அந்தப் பக்கம் அவசரப்பட வேண்டாம்.

ஒரே சாலையில் இருக்கும் பத்துக் கடைகளோடு தொடங்குங்கள். கடைக்கு ஆறு பொட்டலத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போங்கள். விற்காததை நீங்களே எடுத்துக்கொண்டு, புதியதை வையுங்கள். எடுத்ததை வேறு கடையில் மறுபடி வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எட்டு வாரம் கழித்து, ஒவ்வொரு கடையிலும் எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது என்ற இரு எண்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வைத்ததில் பாதிக்கு மேல் திரும்பிய கடையில் விலையையோ பொட்டல அளவையோ மாற்றி இன்னும் நான்கு வாரம் பாருங்கள், அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் அந்தக் கடையை விட்டு அடுத்த சாலைக்குப் போங்கள்.